ஐதரசனோடு வேறு எதை எடுப்பது? மலையகத்துக்கு ஏற்ற அனோட்டுத் தாக்கம் எது?

தண்ணீரை மின்னால் பிரித்தால் கதோட்டில் ஐதரசன் வரும், அனோட்டில் ஒட்சிசன் வரும். சாதாரண தர விஞ்ஞானப் பாடத்திலேயே இது இருக்கிறது. அந்த ஒட்சிசனை என்ன செய்வது என்பதுதான் பாடத்தில் இல்லை. ஒரு கிலோ ஐதரசனோடு எட்டுக் கிலோ ஒட்சிசன் வருகிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அதைச் சிலிண்டரில் அடைத்து விற்க ஆள் தேடிப் பயனில்லை, காற்றில்தான் விடுவோம். ஆனால் மின்பகுப்பு நடக்கும் கலத்தில் வீணாகும் மின்சாரத்தில் பெரும் பங்கு போவது அந்தப் பக்கத்தில்தான். ஒரு ஒட்சிசன் மூலக்கூறு உருவாக நான்கு இலத்திரன்கள் ஒவ்வொன்றாக வெளியேற வேண்டும், ஒவ்வொரு படியிலும் தடை உண்டு.

அதனால் அனோட்டில் தண்ணீருக்குப் பதிலாக, அதைவிட இலகுவில் ஒட்சியேறும், அதாவது இலத்திரனை இழக்கும், ஒரு பொருளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஐதரசன் வழமை போலக் கதோட்டில் வரும், மறுபக்கம் விற்கக்கூடிய ஒரு இரசாயனம் வரும். இதில் இறங்க நினைக்கும் இரண்டு வகையினரை எனக்குத் தெரியும். ஒன்று, பேராதனையிலும் பதுளையிலும் இரசாயனம் படித்துக் கடைசி வருட ஆய்வுத்திட்டம் தேடும் நம் பிள்ளைகள். மற்றது, தோட்டத் தொழிற்சாலைப் பக்கம் ஓடையில் சிறு நீர்மின் இயந்திரம் ஓடவிட்டு, மிஞ்சும் கரண்டை என்ன செய்யலாம் என்று யோசிக்கும் இளைஞர்கள். இரண்டு தரப்பும் முதலில் கேட்பது, “எந்த ஊக்கி நல்லது?” என்று, அதாவது தாக்கத்தை இலகுவாக்க மின்வாயில் எந்தப் பொருளை வைப்பது என்று. அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: அனோட்டில் போடும் பொருள் இங்கே எவ்வளவு கிடைக்கும்? வரும் பொருளை யார் வாங்குவார்? அதைக் கரைசலிலிருந்து பிரிக்க என்ன செலவாகும்? இவற்றுக்கு விடை கிடைத்தால் ஊக்கியைத் தெரிவது பாதி முடிந்த மாதிரி.

வோல்ற்றளவை மட்டும் பார்த்தால்

ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் கண்ணில் படுவது வோல்ற்றளவுதான். 25 பாகை செல்சியசில் தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ற்று போதும், நடைமுறையில் 1.8 அல்லது அதற்கு மேல் வேண்டும். கதோட்டில் ஒரு கிலோ ஐதரசன் எடுக்க 26,600 அம்பியர் மணி அளவு மின்னேற்றம் தேவை. வரும் பொருளின் அளவு கொடுத்த மின்னேற்றத்தைப் பொறுத்தது என்பது பரடே விதி, ஊக்கியால் இதை மாற்ற முடியாது. ஊக்கி குறைப்பது வோல்ற்றளவை. 1.8 வோல்ற்றில் ஒரு கிலோவுக்குச் சுமார் 48 யூனிட் மின்சாரம், 1.6 வோல்ற்றில் சுமார் 42.5 யூனிட். 0.2 வோல்ற்றைக் குறைக்க நாம் படும் பாட்டுக்கெல்லாம் கிடைப்பது ஐந்தரை யூனிட் இலாபம்.

ஐந்தரை யூனிட்டைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. அதற்காக மட்டும் அனோட்டை மாற்றினால் கணக்கு தேறாது என்கிறேன். அனோட்டில் வரும் பொருள்தான் இதன் பலன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. கொள்கையளவில் யூரியாவை ஒட்சியேற்ற 0.37 வோல்ற்று போதும், கிளிசரோலுக்கு அதையும்விடக் குறைவு. அட்டவணையைப் பார்த்து ஆசைப்படத் தோன்றும். ஆனால் மலிவான நிக்கல் அனோட்டில் இந்தப் பொருட்களெல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தாக்கத்தைத் தொடங்குகின்றன. காரணம், ஒட்சியேற்றும் வேலையைச் செய்வது நிக்கலின் உயர் ஒட்சைட்டுப் படலம். மீள்தகு ஐதரசன் மின்வாய் அளவுகோலில், அதாவது ஐதரசன் மின்வாயைப் பூச்சியமாக வைத்து அளந்தால், 1.35 வோல்ற்றைத் தாண்டிய பிறகுதான் அந்தப் படலம் உருவாகிறது. பிளைஷ்மன், கோரினெக், பிளெச்சர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1971இலேயே இந்த வழிமுறையைப் பற்றி எழுதிவிட்டார்கள். இதைக் கண்ணாலும் பார்க்கலாம். நிக்கல் வலைத் துண்டு ஒன்றைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் வைத்து மின்னோட்டம் கொடுத்தால் சாம்பல் நிற உலோகம் கருக்கும். மின்னை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் சில சொட்டுக் கிளிசரோலை விடுங்கள். கருமை மெல்ல வெளுத்துக்கொண்டே போகும். படலம் கிளிசரோலை ஒட்சியேற்றிவிட்டுத் தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மின்சாரத்தின் வேலை, அந்தப் படலத்தைத் திரும்பத் திரும்பக் கருக்க வைப்பது மட்டும்தான்.

ஆகவே நிக்கலை வைத்துக்கொண்டு யூரியாவா, கிளிசரோலா, எதனோலா என்று வோல்ற்றளவால் தீர்மானிக்க முடியாது. வேறு அளவுகோல்கள் வேண்டும்.

யூரியா வேண்டாம்

யூரியாவை ஒட்சியேற்றினால் வருவது பெரும்பாலும் நைதரசன் வாயு, காபனேற்று. சில ஊக்கிகளில் நைத்திரைற்றும் சேர்ந்து வரும், அது கழிவுநீரில் போனால் தொல்லை. விற்க ஒன்றுமில்லை. ஒரு கிலோ ஐதரசனுக்குப் பத்துக் கிலோ யூரியா போகும், அதிலுள்ள நாலரைக் கிலோ நைதரசன் காற்றோடு போய்விடும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது மலைநாட்டில் கொழுந்துக்கும் மரக்கறிக்கும் என்ன நடந்தது என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து குறைந்தால், பறித்த கிலோவைப் பார்த்துக் கொடுக்கும் சம்பளமும் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் நைதரசன் உரத்தைக் கலத்தில் போட்டு வாயுவாக்குவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். மாட்டுத் தொழுவக் கழிவுநீரில் உள்ள யூரியாவைத்தான் எடுக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் அந்தத் தண்ணீர் புல்லுக்குப் போனால் அதன் நைதரசன் மண்ணிலேயே இருக்கும். நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடங்களுக்கு இந்த வழி பொருந்தலாம். தோட்டத்துக்குப் பொருந்தாது.

அதிகம் பேசப்படுபவை, இங்கே நடக்காதவை

ஐதரொட்சிமெதயில் பர்பரல் என்ற சர்க்கரை வழிப் பொருளைப் பற்றித்தான் கட்டுரைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அதை ஒட்சியேற்றினால் பியூரான் டைகாபொட்சிலிக்கமிலம் வரும், போத்தல் செய்யும் தாவரவழிப் பிளாஸ்டிக்குக்கு அது மூலப்பொருள். நெதர்லாந்தின் டெல்ஃப்சைலில் அவன்டியம் நிறுவனம் அந்த அமிலத்துக்கென்றே வருடத்துக்கு 5,000 தொன் கொள்ளளவில் ஆலை கட்டியிருக்கிறது, மின்பகுப்பு இல்லாமல் வேறு வழியில். நமக்கு இரண்டு தடைகள். மூலப்பொருளைத் தூய நிலையில் வாங்கினால் விலை தாங்காது. அப்புறம், கடுங்காரக் கரைசலில் அது தானாகவே சிதைந்து பழுப்பு நிறப் பிசினாகிவிடும். பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்குழுவில் பணம் இருந்தால் செய்யுங்கள், கட்டுரை வரும். மலையகத்தில் அதற்குப் பொருளும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

எதனோலை அசெற்றேற்றாக்குவது இலகுவான வேலைதான். ஆனால் எதனோல் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், அனுமதி எடுப்பதிலேயே வருடம் போய்விடும். அசெற்றேற்றிலிருந்து எடுக்கக்கூடிய வினாகிரிக்கும் இங்கே பஞ்சமில்லை.

தேயிலைக் கழிவை உபயோகிக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். மலையகம் என்றாலே தேயிலை என்பதால் அது இயல்பு. ஆனால் தேயிலையின் கற்றெக்கின்கள் பீனோல் வகைச் சேர்மங்கள். பீனோல்கள் அனோட்டில் ஒட்சியேறும்போது ஒன்றோடொன்று கோத்துப் பல்பகுதியப் படலமாகி மின்வாயை மூடிவிடும், மின்னோட்டம் சரசரவென்று இறங்கிவிடும். மின்வாய் எப்படி அடைபடுகிறது என்று ஆராய்வதானால் நல்ல தலைப்பு. ஐதரசன் எடுக்க நல்ல வழி அல்ல.

செப்பு மின்வாயில் அல்டிகைட்டுகளை ஒட்சியேற்றும் வழி மட்டும் தனித்து நிற்கிறது. போமல்டிகைட்டு, பர்பரல் போன்றவற்றைக் காரக் கரைசலில் செப்பின் மேல் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஒட்சியேற்றும்போது அனோட்டிலேயே ஐதரசன் வெளிவரும். இரண்டு மின்வாயிலும் ஐதரசன், கலத்துக்கு அரை வோல்ற்றுக்கும் குறைவு. படிக்கப் படிக்க ஆசை வரும். ஆனால் ஒரு கிலோ ஐதரசனுக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ பர்பரல் வேண்டும். அதைச் சோளப் பொத்தியிலிருந்தோ கரும்புச் சக்கையிலிருந்தோ அமிலமும் நீராவியும் கொண்டு எடுக்க வேண்டும், அதுவே ஒரு தனி ஆலை. செப்பு மேற்பரப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒட்சைட்டாகித் தளர்ந்துபோகும். மொனராகலைச் சமவெளியில் கரும்பாலைக்கு அருகில் இருப்பவர்கள் யோசிக்கலாம். நுவரெலியாவில் இருந்துகொண்டு யோசிக்க இதில் ஒன்றுமில்லை.

உப்பு: பழைய வழி, இன்றைக்கே நடக்கும்

ஐதரசனோடு பயனுள்ள இரசாயனம் எடுப்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. உப்புக் கரைசலை மின்பகுத்துக் குளோரினும் எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) எடுக்கும் தொழில் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது, அதில் ஐதரசன் உடன்விளைவு. நம் நாட்டிலும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் செய்துகொண்டிருந்தது, போர்க்காலத்தில் நின்றுபோனது.

இரண்டு மின்வாய்களையும் பிரித்து வைக்கும் பிரிசவ்வு இல்லாத சிறு கலத்தில் உப்புத் தண்ணீரை மின்பகுத்தால் குளோரினும் காரமும் அங்கேயே கலந்து சோடியம் ஐப்போகுளோரைட்டு வரும், அதாவது குடிநீரைக் கிருமிநீக்கும் திரவம். தோட்டங்களில் பல இடங்களில் ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் சுத்திகரிக்கப்படாமலே லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வருகின்றன. லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால், ஆளுக்கு 100 லீற்றர் வீதம் 2,500 பேரின் தண்ணீருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ குளோரின் போதும். இப்படிப்பட்ட கருவிகளில் ஒரு கிலோ குளோரினுக்கு வழமையாக மூன்று, மூன்றரைக் கிலோ உப்பும் நாலைந்து யூனிட் மின்சாரமும் போகும். ஆக, அந்த அரைக் கிலோவுக்கு இரண்டு கிலோவுக்கும் குறைந்த உப்பு, இரண்டரை யூனிட் கரண்ட். அதோடு வரும் ஐதரசன் வெறும் 14 கிராம்.

14 கிராமைப் பிடித்துச் சேமிக்க முயலாதீர்கள். கூரைக்கு மேலே குழாய் விட்டு வெளியேற்றுங்கள். அறைக்குள் தங்கவிட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் காற்றில் ஐதரசன் 4 சதவீதத்தைத் தாண்டினாலே தீப்பற்றும்.

ஊக்கி விஷயத்தில் இங்கே தெரிவு இல்லை. குளோரைட்டுக் கரைசலில் நிக்கல் அரித்துக் குழி விழும். ருத்தேனியம் ஒட்சைட்டுப் பூசிய தைத்தானியத் தகடுதான் வேண்டும், ஹென்றி பீர் 1960களில் கொண்டுவந்தது, இன்றும் குளோரின் ஆலைகளின் அனோட்டு அதுதான். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், முதலில் விலை கூடுதல், ஆனால் கவனமாக வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். அயடீன் சேர்க்காத சுத்தமான உப்பையே எடுக்க வேண்டும். கல்சியமும் மகனீசியமும் கலந்த உப்பு கதோட்டில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் கலங்கி வரும் தண்ணீரை முதலில் வடிகட்டாவிட்டால் குளோரின் சேற்றோடும் இலைச் சாற்றோடும் தாக்கமுற்றே தீர்ந்துவிடும். செய்த திரவத்தைப் பல நாள் வைத்திருக்கவும் கூடாது, அன்றன்று செய்து அன்றன்று பாவிப்பதே நல்லது.

ஆராய்ச்சியாக இதில் புதுமை குறைவு, ஆய்வுத்திட்டம் தேடும் பிள்ளைக்குப் பெரிய தலைப்பாகாது. ஓடையில் சிறு நீர்மின் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். லயத்தில் ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் வராமல் தடுப்பதைவிடப் பெறுமதியான விளைபொருள் இந்தப் பட்டியலில் இல்லை.

கிளிசரோல்: நான் தெரிவு செய்வது

ஆய்வாகச் செய்வதானால், நாளைக்கு ஒரு சிறு தொழிலாக வளரக்கூடியதாகவும் இருக்க வேண்டுமானால், என் தெரிவு கிளிசரோல். எண்ணெயிலிருந்து உயிர் டீசல் செய்யும்போது நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ அளவில் அடியில் தங்கும் பொருள் அது. கண்டி, நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோட்டல்களில் பொரித்துக் கழித்த எண்ணெய் இருக்கிறது, அதைச் சேர்த்தால் மூலப்பொருள் கையில்.

நிக்கல் அனோட்டில் கிளிசரோலின் மூன்று காபனும் பிரிந்து மூன்று போமேற்றாகும், போமேற்று என்பது போமிக் அமிலத்தின் உப்பு வடிவம். ஒரு மூலக்கூறு எட்டு இலத்திரன்களைக் கொடுக்கிறது, மறுபக்கம் நான்கு ஐதரசன் மூலக்கூறுகள். மின்னேற்றம் முழுவதும் இதற்கே போகிறது என்று வைத்தால், ஒரு கிலோ ஐதரசனுக்கு 11.4 கிலோ கிளிசரோல் போய் 17 கிலோ போமிக் அமிலத்துக்குச் சமமான போமேற்று வரும்.

போமிக் அமிலத்தை யார் வாங்குவார்? கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் இறப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்குபவர்கள் எல்லோரும் பாவிப்பது அதைத்தான். அவர்கள் அதைத் தண்ணீர் சேர்த்து ஐதாக்கியே பாலில் விடுகிறார்கள், ஆகவே நாம் கடும் அமிலமாக வடித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இது பெரிய வசதி. தண்ணீரும் போமிக் அமிலமும் சாதாரண வடிப்பில் முழுதாகப் பிரியாது, அமிலம் முக்கால் பங்கு அளவுக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். இரண்டாவது வாங்குபவர் மலையிலேயே இருக்கிறார்: மாடு வளர்ப்பவர். நுவரெலியா, அம்பேவெல பக்கத்து ஈரக் குளிரில் புல்லைக் காயவைப்பது கஷ்டம், பதனிட்டுப் புளிக்க வைப்பதுதான் வழி. புல் கெட்டுப் பூஞ்சணம் பிடிக்காமல் போமிக் அமிலம் சேர்ப்பது பல நாடுகளில் வழமை, ஒரு தொன் புல்லுக்கு ஏறத்தாழ மூன்று லீற்றர் கடைச்சரக்கு அமிலம்.

இனிக் காரத்துக்கு வருவோம், அதாவது இந்தக் கலத்தில் கரைசலாக இருக்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்கு. கட்டுரைகளின் சுருக்கத்தில் வராத விஷயம் இது. உருவாகும் ஒவ்வொரு போமேற்றும் ஒரு ஐதரொட்சைட்டை எடுத்துக்கொள்கிறது, கதோட்டில் மீள வருவதைக் கழித்த பிறகும். கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ ஐதரசனுக்கு 21 கிலோ பொற்றாசியம் ஐதரொட்சைட்டு தீர்ந்துபோகும். பொற்றாசியம் போமேற்றை அமிலமாக்கச் சல்பூரிக்கமிலமும் 18 கிலோ வேண்டும். அப்போது 32 கிலோ பொற்றாசியம் சல்பேற்று விழும். குளிரில் அது தண்ணீரில் அதிகம் கரையாது, ஆகவே செறிந்த கரைசலிலிருந்து உப்பாகப் படிந்துவிடும், வடிகட்டி எடுக்கலாம்.

சமவெளியில் இருப்பவருக்கு இந்தச் சல்பேற்று ஒரு சுமை. மலையில் அப்படி இல்லை. நைதரசனுக்கு அடுத்துத் தேயிலை மண்ணிலிருந்து அதிகம் எடுப்பது பொற்றாசியம், உருளைக்கிழங்குக்கும் அது வேண்டும். பொற்றாசியம் சல்பேற்று குளோரைட்டு இல்லாத நல்ல உரம். வாங்கிய காரம் வீணாகாமல் மலைக்கே உரமாகப் போகிறது. மலிவாக இருக்கிறதே என்று எரிசோடாவுக்கு மாறினால் சோடியம் சல்பேற்றுத்தான் கிடைக்கும், அதை எந்த மண்ணிலும் போட முடியாது. நான் கிளிசரோலைத் தெரிவதற்கும், அதைப் பொற்றாசியத்தோடு தெரிவதற்கும் காரணம் இதுதான். கொழும்பு இரசாயனக் கடைகளில் நான்கு விலைகளைக் கேட்டு எழுதுங்கள்: பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, சல்பூரிக்கமிலம், போமிக் அமிலம், பொற்றாசியம் சல்பேற்று. முதல் இரண்டின் செலவை அடுத்த இரண்டின் வரவு தாண்டுகிறதா என்று பாருங்கள். ஐதரசன் விலையைக் கணக்கில் சேர்க்காமலே அது தேறினால்தான் அடுத்த படி.

தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளில் விறகுச் சாம்பல் குவிகிறது, அதில் பொற்றாசியம் காபனேற்று உண்டு. சுண்ணாம்போடு சேர்த்தால் பொற்றாசியம் ஐதரொட்சைட்டாகும், திகனப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகளும் உண்டு. சாம்பல் நீரில் குளோரைட்டும் சல்பேற்றும் கலந்திருக்கும் என்பதால் நிக்கலுக்கு அது ஒத்துவருமா என்று சோதிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அதுவே முழு ஆய்வுத்திட்டம்.

எந்த ஊக்கி?

பிளாட்டினம், பல்லேடியம், தங்கம் மூன்றும் கிளிசரோலை நிக்கலைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்த மின்னழுத்தத்தில் ஒட்சியேற்றத் தொடங்கும். கிளிசரிக்கமிலம், லக்ரிக்கமிலம் போன்ற விலை கூடிய பொருட்களும் வரும். ஆனால் ஒன்றல்ல, பல பொருட்கள் கலந்து வரும், பிரிக்கும் செலவு நம் கையில் இல்லை. மேற்பரப்பில் காபனோரொட்சைட்டுப் போன்ற இடைப்பொருட்கள் ஒட்டிக்கொண்டு ஊக்கி விரைவில் மந்தமாகிவிடும், மின்னழுத்தத்தை அடிக்கடி மாற்றித் துடைக்க வேண்டும். விலையைச் சொல்லவே வேண்டாம்.

நிக்கல் எல்லாவற்றையும் போமேற்று வரை வெட்டிவிடும். மதிப்புக் குறைந்த பொருளாக்கிவிடுகிறதே என்று அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது நிறை. ஒரே பொருள், பிரிக்கும் வேலை குறைவு. உயிர் டீசல் செய்த கிளிசரோலில் மிஞ்சியிருக்கும் மெதனோலும் நிக்கலில் போமேற்றாகத்தான் மாறும்.

கோபாற்று சேர்த்த நிக்கல் இன்னும் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கும். இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம், முதலில் வெறும் நிக்கல் வலையோடு அடிப்படை அளவீடுகளை எடுங்கள்.

இரும்பு விஷயத்தில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். ஒட்சிசன் எடுப்பதற்கு நிக்கலோடு இரும்பு சேர்ந்தால் அற்புதமாக வேலை செய்யும். தண்ணீர் மின்பகுப்பில் நிக்கல்-இரும்பு ஐதரொட்சைட்டுத்தான் மலிவான ஊக்கிகளில் முதல் வரிசை. 1987இல் கொரிகன் என்ற ஆய்வாளர் இதை எழுதினார். 2014இல் பொயெற்சர் என்பவரின் ஆய்வுக்குழு, கரைசலில் மாசாக உள்ள இரும்பே போதும் என்று காட்டியது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். கடையில் வாங்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் இரும்பு மாசு இருக்கும், அது நிக்கலில் ஏறிக்கொண்டே போகும், கிளிசரோலுக்குப் போட்டியாக ஒட்சிசன் வரத் தொடங்கும். இரும்பு ஆணி, துருப்பிடித்த கிளிப் எதையும் கரைசலில் படவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கிளிசரோல் இல்லாத வெறுங்கரைசலில் மின்னழுத்தத்துக்கு எதிரான மின்னோட்ட வளைவரை ஒன்றை எடுத்து வையுங்கள், இரும்பு ஏறுவது அதில் தெரிந்துவிடும்.

இரும்பு ஏறாமலும் கிளிசரோல் தீராமலும் இருக்கும் வரை அனோட்டில் ஒட்சிசன் பெரும்பாலும் வராது, ஆகவே விலையான பிரிசவ்வு இல்லாமலே ஒற்றைக் கலத்தில் வேலை செய்யலாம் என்பது பெரிய கவர்ச்சி. கிளிசரோல் தீர்ந்துவிட்டால்? கலத்துக்கு மின்னைக் கொடுக்கும் நேரோட்ட மின்வழங்கி நிலையான மின்னோட்டத்தில் விடப்பட்டிருந்தால் வோல்ற்றளவு தானாக ஏறும், ஒட்சிசன் வரும், ஐதரசனோடு ஒரே குழாயில் சேரும். அது வெடிக்கும் கலவை. அதனால் பிரிசவ்வு இல்லாமல் ஓட்டுவதானால் மின்வழங்கிக்கு வோல்ற்றளவு உச்சவரம்பு வையுங்கள், எல்லை தாண்டினால் தானாக நிற்க வேண்டும். இரவில் ஆளில்லாமல் ஓடவிடாதீர்கள். கதோட்டுக்கு நிக்கல்-மொலிப்டினம் நல்லது, வெறும் நிக்கல் வலையும் தொடக்கத்துக்குப் போதும்.

கழித்த எண்ணெயிலிருந்து வரும் கிளிசரோலில் சவர்க்காரம் கலந்திருக்கும். அப்படியே கலத்தில் ஊற்றினால் ஐதரசன் குமிழிகளோடு நுரை பொங்கிக் குழாய்க்குள் ஏறும். முதலில் சிறிது அமிலம் சேர்த்து, சவர்க்காரத்தைக் கொழுப்பமிலமாக்கி மேலே மிதக்கவைத்து வழித்துவிட வேண்டும்.

எவ்வளவு பெரிதாக?

ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லி அம்பியர் வீதம் ஒரு சதுர மீற்றர் மின்வாய் 24 மணி நேரம் ஓடினால் 0.9 கிலோ ஐதரசன், 15 கிலோ போமிக் அமிலம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு நாளுக்குப் பத்துக் கிலோ கிளிசரோல் வேண்டும், அதற்கு நூறு கிலோ கழித்த எண்ணெய். மலையக நகரம் ஒன்றில் நாள்தோறும் அவ்வளவு சேர்ப்பது லேசில்லை. பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்: நாளுக்குப் பத்துக் கிலோ எண்ணெய், ஒரு கிலோ கிளிசரோல், ஒன்றரைக் கிலோ போமிக் அமிலம், 90 கிராம் ஐதரசன். மின்சாரம் 160 வாற்று அளவுதான். அரைத் தொன் புல்லைப் பதனிட அந்த அமிலம் போதும்.

90 கிராம் ஐதரசனை எரித்தால் வரும் வெப்பம் முக்கால் கிலோ விறகுக்குச் சமம். தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு அது எந்த மூலைக்கு? லயத்துச் சமையலறைக்குக் குழாய் போட்டுக் கொடுக்கும் எண்ணமே வேண்டாம், மணமில்லாத, கண்ணுக்குத் தெரியாத சுவாலையோடு எரியும் வாயு அது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவிக்கு ஐதரசன் சிலிண்டர் வாங்குகிறார்கள். உலர்த்திச் சுத்தப்படுத்தினால் இந்த அளவு அங்கே நேராக உதவும்.

மின்சாரம் இலவசம் என்றும் கணக்குப் போடாதீர்கள். மின்வலையமைப்புக்கு விற்கக்கூடிய யூனிட்டுக்கு ஒரு விலை உண்டு. விற்க முடியாமல் போகும் நேரங்களும் உண்டு: தென்மேல் பருவமழையில் ஓடை நிரம்பும் இரவுகள், தேவை விழும் விடுமுறை நாட்கள். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களைக் கேட்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நேரங்களில் ஓட்டி நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும், நிக்கல் கலம் அதற்கு ஒத்துவரும். தைமாசியில் ஓடை வற்றும்போது கலம் சும்மா இருக்கும், அதையும் கணக்கில் எழுதுங்கள்.

கடைசியாக, அளக்கும்போது உயரத்தை மறக்காதீர்கள். ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் வரும் ஐதரசன், 25 பாகையில் கடல்மட்டத்தில் 456 மில்லிலீற்றர். நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தின் 80 சதவீதம்தான், அதே வாயு அங்கே 570 மில்லிலீற்றர் இடத்தைப் பிடிக்கும். பேராதனையில்கூட ஆறு சதவீதம் கூடும். புத்தகத்திலுள்ள கடல்மட்டக் கனவளவை வைத்துக் கணக்கிட்டால், கொடுத்த மின்னேற்றத்தில் எவ்வளவு பங்கு ஐதரசனாகியது என்று சொல்லும் மின்னேற்ற வினைத்திறன் நுவரெலியாவில் 125 சதவீதம் என்று வரும், அது நடக்காத காரியம். அன்றைய அமுக்கத்தையும் வெப்பநிலையையும் பதிந்து, அளவுசாடியில் ஐதரசனோடு கலந்திருக்கும் நீராவியையும் கழித்துத்தான் எண்ணை எழுத வேண்டும். போமேற்றை வேறாக அளந்து, இரண்டு எண்ணும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஐதரசன் எண் சரியாக வந்து போமேற்று குறைந்தால், மிச்ச மின்னேற்றம் ஒட்சிசனாகவோ காபனேற்றாகவோ போயிருக்கிறது. பெரும்பாலும் இரும்புதான் காரணமாக இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.